அரங்கமும் ஆலயமும்: சென்னை நகர்நடுவின் பழங்கட்டடங்கள் பற்றி ஒரு சிந்தனை

முன்னுரை

மாமல்லபுரத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த இவ்வூரில் இன்று கணினித் தொழில் நிறுவனங்களும் அடுக்குமாடி இல்லங்களும் வணிக வளாகங்களும் நிறைந்துள்ளன. வளாகம் ஒன்றினுள் பல திரைகள் கொண்ட திரையரங்குகள் இயங்குகின்றன. இச்சாலை நெடுகிலும் புதிய திருச்சபைகள் தோன்றியுள்ளன. அவற்றுள் சில சொந்த ஆலயம் இன்றி வாடகைக் கூடங்களில் கூடி வழிபடுகின்றன. இவற்றின் உறுப்பினருள் பலர் சென்னை நகர்நடுவின் பழைய ஆலயங்களில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவர்கள். பழைய ஆலயங்களில் இருக்கைகள் காலியாகின்றன. புதிய ஊர்களில் இடம் போதவில்லை. எதைக் காப்பது, எதைக் கட்டுவது, யாருக்காகக் கட்டுவது என்னும் வினாக்கள் ஆயர்களின் முன்னும் ஆட்சிக் குழுக்களின் முன்னும் நிற்கின்றன.

இவ்வினாக்களுக்கு விடை தேடுங்கால், நகர்நடுவின் பழங்கட்டடங்களின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும். ஆலயங்களை மட்டுமன்றி நாடக அரங்குகளையும் திரைக்கொட்டகைகளையும் இக்கட்டுரையில் சேர்த்து நோக்குவோம். இவ்விரண்டும் மக்கள் கூடும் இடங்கள். ஒன்றின் வரலாறு மற்றொன்றின் மீது ஒளி வீசுகின்றது.

1. அபர்தீன் நகரின் மூன்று கட்டடங்கள்

ஸ்காத்லாந்தின் வடகிழக்கிலுள்ள அபர்தீன் நகரின் நடுவில் மூன்று கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது 1892-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நகர நூலகம். இரண்டாவது அதே ஆண்டில் ஸ்காத்லாந்து சுயாதீனத் திருச்சபையாருக்காகக் கட்டி முடிக்கப்பெற்று, பின்னாளில் பரிசுத்த மாற்கு ஆலயம் என வழங்கப்பட்ட தூண்களும் குவிமாடமும் உடைய ஆலயம். மூன்றாவது பிராங்க் மாச்சம் என்னும் புகழ்பெற்ற அரங்கக் கலைஞரின் வரைபடப்படி 1906-இல் எழுந்த நாடக அரங்கம். அந்நகர மக்கள் இம்மூன்றையும் 'கல்வி, மீட்பு, கேடு' என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவர். நூலகம் கல்வி, ஆலயம் மீட்பு, நாடக அரங்கம் கேடு!

இவ்வேடிக்கைப் பேச்சின் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. ஸ்காத்லாந்துத் திருச்சபை நாடகத்தைக் கடுமையாக வெறுத்த காலம் ஒன்று இருந்தது. அத்தெல்ஸ்தேன்போர்டு சபையின் போதகராயிருந்த ஜான் ஹோம் என்பவர் 'டக்ளஸ்' என்னும் துன்பியல் நாடகத்தை இயற்றினார். 1756 டிசம்பரில் அது எடின்பரோ நகரில் நடிக்கப்பட்டது. போதகர் ஒருவர் நாடகம் எழுதியதும், வேறு சில போதகர்கள் அதைக் காணச் சென்றதும் பெருங்குற்றமாகக் கருதப்பட்டன. மூப்பர் சங்கம் நாடகத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஜான் ஹோம் 1757-இல் தம் ஊழியத்தைத் துறந்தார். ஆயினும் ஒரு தலைமுறை கழிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1784-இல் சாரா சிடன்ஸ் என்னும் புகழ்பெற்ற நடிகை எடின்பரோவில் நடித்தபோது, திருச்சபையின் பொதுப் பேரவை தன் முக்கிய அலுவல்களை அவர் நடிக்காத நாள்களுக்கு ஒதுக்கி வைக்க நேர்ந்தது என்று அக்காலப் போதகர் அலெக்சாந்தர் கார்லைல் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். நாடகம் காணச் சென்றமைக்காக முன்னர்க் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் இவரும் ஒருவர்.

ஒரு தலைமுறை 'கேடு' என்று தள்ளியதை அடுத்த தலைமுறை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு கட்டடத்தை மீட்பின் இடம் என்றும் மற்றொன்றைக் கேட்டின் இடம் என்றும் அதன் வாயிலைக் கொண்டே தீர்மானிக்க இயலாது. உள்ளே என்ன நிகழ்ந்தது, யார் அனுமதிக்கப்பட்டனர், யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பனவற்றை ஆராய்ந்தே தீர்மானிக்கவேண்டும்.

2. எழும்பூரில் அதே மூன்று

அபர்தீனின் மூன்று கட்டடங்களுக்கு ஒத்தவை நம் சென்னை எழும்பூரிலும் உள்ளன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாந்தியன் சாலையிலுள்ள அருங்காட்சியக வளாகத்தில் கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியக அரங்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. எழும்பூர் இருப்புப்பாதை நிலையத்தின் மறுபுறம், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, ஸ்காத்லாந்தினர் கட்டிய பரிசுத்த அந்திரேயா ஆலயம் நிற்கின்றது. நூலகம், அரங்கம், ஆலயம் ஆகிய மூன்றும் சிறிது நேரம் நடந்தால் காணத்தக்க தொலைவில் உள்ளன.

'பாந்தியன்' என்னும் சாலைப் பெயரே அரங்கத்தோடு தொடர்புடையது. 1778-இல் ஹால் பிளமர் என்னும் கும்பினி அலுவலருக்கு 43 ஏக்கர் நிலம் இங்கு வழங்கப்பட்டது. 1793-இல் அது 24 பேர் கொண்ட குழு ஒன்றின் கைக்கு மாறியது. அக்குழுவினர் அதனை நகரின் ஐரோப்பியர் கூடி விருந்துண்ணவும், நடனமாடவும், நாடகம் காணவும் உரிய பொதுக்கூடமாக நடத்தினர். அதுவே பாந்தியன் எனப்பட்டது. 1821-இல் மூரத் என்னும் ஆர்மீனிய வணிகர் அதை விலைக்கு வாங்கினார். 1830-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 1851-இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் 1854-இல் இவ்விடத்துக்குக் குடியேறியது.

இவ்வளாகத்தில் 1896-ஆம் ஆண்டு நூலகமும் அரங்கும் எழுந்தன. இவற்றை வரைந்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். கன்னிமாரா நூலகம் அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது. அரங்கம் அரைவட்ட வடிவில் அமைந்து ஏறத்தாழ 600 பேர் அமரத்தக்கது. மேடையிலிருந்து பேசுவோர் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும்வண்ணம் அது அமைந்துள்ளமை, திருச்சபைக் கட்டடக் குழுவினர் நேரிற் சென்று கண்டறியத்தக்கது. ஒலிபெருக்கி இன்றியே அருளுரை கேட்கக்கூடிய ஆலயத்தை அமைப்பதற்கு வடிவம் எத்துணை இன்றியமையாதது என்பது அங்கே விளங்கும். இன்றும் அவ்வரங்கில் நாடகங்கள் நடைபெறுகின்றன.

3. கிணறுகளின்மேல் நிற்கும் ஆலயம்

கிழக்கிந்தியக் கும்பினியார் தம் மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் ஸ்காத்லாந்துச் சபையாருக்கு ஆலயம் அமைக்க இசைவு அளித்தனர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆலயங்கள் எழுந்தன. சென்னையில் 1818 ஏப்ரல் 6-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1821 பிப்ரவரி 25-ஆம் நாள் ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. திட்டமிட்டவர் மேஜர் தாமஸ் ஃபியாத் தெ ஹாவிலந்து. கட்டும் பணியை நடத்தியவர் ஜேம்ஸ் கிராந்து. இலண்டனிலுள்ள பரிசுத்த மார்ட்டின் ஆலயத்தின் சாயல் இதன் முகப்பில் தெரிந்தாலும், உள்ளமைப்பு முற்றிலும் வேறானது. வட்டவடிவான வழிபாட்டுக் கூடத்தின்மேல் ஐம்பது அடிக்கு மேற்பட்ட விட்டமுள்ள குவிமாடம் அமைந்துள்ளது. அதனை 16 கொரிந்தியத் தூண்கள் தாங்குகின்றன. உட்புறத்தில் நீல வண்ணமும் பொன்னிற விண்மீன்களும் தீட்டப்பெற்றுள்ளன. கோபுரம் ஏறத்தாழ 166 அடி உயரமுடையது.

இத்துணைப் பாரத்தை எழும்பூரின் சேற்று நிலம் தாங்காது என்பதைக் கட்டியோர் உணர்ந்தனர். அதனால் அவர்கள் தமிழ்நாட்டுக் கிணறு வெட்டும் தொழிலாளரின் கலையை நாடினர். உறைகிணறு நம் நாட்டில் மிகத் தொன்மையானது; அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்வில் வெளிப்பட்டுள்ளது. சுட்ட மண்ணாலோ செங்கல்லாலோ ஆன வளையத்தை நிலத்தின்மேல் வைத்து, உள்ளே உள்ள மண்ணைத் தோண்டி எடுப்பர். தோண்டத் தோண்ட வளையம் தன் பாரத்தினாலேயே கீழிறங்கும். அதன்மேல் அடுத்த உறையை வைப்பர். இவ்வாறு கெட்டியான நிலம் எட்டும்வரை உறை இறக்கிய பின்னர், உள்ளீட்டைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நிரப்பினால், அக்கிணறு சேற்றைக் கடந்து கீழிறங்கிய ஒரு தூணாகிவிடும். இத்தகைய கிணறுகள் ஏறத்தாழ நூற்றைம்பது, 14 அடி முதல் 50 அடி வரை ஆழத்தில் இறக்கப்பட்டு, அவற்றின்மேல் ஆலயம் எழுப்பப்பட்டது.

இரு நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வாலயம் நிலைபெற்று நிற்கின்றது. தெ ஹாவிலந்தின் பெயரும் கிராந்தின் பெயரும் வரலாற்று நூல்களில் உள்ளன. உறை இறக்கிய தொழிலாளரின் பெயர்கள் வழக்கமான வரலாறுகளில் இடம்பெறவில்லை. ஸ்காத்லாந்தினருக்கென எழுந்த ஆலயம் தமிழ்த் தொழிலாளரின் கைத்திறன்மீது நிற்கின்றது என்பது உவமையன்று, கண்கூடான உண்மை. நாவலூரும் அதன் சுற்றுப்புறமும் சதுப்பும் ஏரியும் நிறைந்த நிலங்கள் என்பதால், இங்கே ஆலயம் கட்ட முனைவோருக்கு இது தொழில்நுட்பப் பாடமாகவும் அமைகின்றது. நிலத்தின் தன்மையை அந்நிலத்தின் மக்களிடம் கேட்டறிந்தபின் கட்டுதலே அறிவுடைமை.

4. பூங்கா நகரின் மண்டபம்

எழும்பூரிலிருந்து கிழக்கே சென்றால் சென்னை மத்திய இருப்புப்பாதை நிலையமும், 1913-இல் திறக்கப்பெற்ற மாநகராட்சியின் ரிப்பன் கட்டடமும் வருகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே செந்நிறத்தில் நிற்பது விக்டோரியா பொது மண்டபம். விஜயநகர மன்னர் கஜபதி ராஜு 1883 டிசம்பர் 17-ஆம் நாள் இதற்கு அடிக்கல் நாட்டினார். இராபர்ட் சிசோம் வரைந்த திட்டப்படி நம்பெருமாள் செட்டியார் கட்டினார். 1888-ஆம் ஆண்டு, விக்டோரியா அரசியாரின் ஆட்சிப் பொன்விழாவின் நினைவாக இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. நகர மக்களின் நன்கொடையால் எழுந்த பொது மண்டபம் இது. கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் தனித்தனியே 600 பேர் அமரத்தக்க கூடங்கள் உள்ளன. 1897-இல் விவேகானந்தர் இங்கு உரையாற்றினார். நகரும் படங்கள் சென்னைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அவை காட்டப்பெற்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

இம்மண்டபத்தின் புகழுக்குப் பெருங்காரணமாயிருந்தவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873 - 1964). 1891-இல் பல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவினரின் நடிப்பைக் கண்டு ஊக்கமுற்ற அவர், நண்பர்களோடு அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் ஆடவராகவே கூடி, பெண் வேடத்தையும் தாமே ஏற்று நடித்தனர். நாடகக்காரர் என்றால் இழிவாக நோக்கிய சமுதாயத்தில் படித்தோர் மேடையேறியமை பெரும் புரட்சியாகும். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெத்' அமலாதித்யன் ஆகவும், 'மாக்பெத்' மகபதி ஆகவும் தமிழில் வந்தன. 1930-களில் மவுண்ட் சாலைக்கு மாறும்வரை, நெடுங்காலம் விக்டோரியா மண்டபமே சபையின் இல்லமாயிருந்தது.

ஷேக்ஸ்பியர் சென்னையில் வேரூன்றியதற்கு ஸ்காத்லாந்து மிஷனரிமாரின் கல்விப் பணியும் ஒரு காரணம். ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரல் 3-ஆம் நாள் ஆர்மீனியன் தெருவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியாயிற்று. அபர்தீனில் பயின்று 1862-இல் சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர் அக்கல்லூரியைப் பெருக வளர்த்ததோடு, ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி நூல்களும் எழுதினார். ஜான் ஹோமை நாடகத்துக்காகக் கண்டித்த மரபிலிருந்தே, நாடகத்தை அறவுணர்வின் பள்ளியாகக் கற்பித்த மிஷனரி தோன்றினார் என்பது கருதத்தக்கது. எஸ்பிளனேடில் எழுந்த அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. நகர்நடுவை விட்டுப் புறநகர் செல்லுதல் நம் தலைமுறைக்கு மட்டும் நேர்ந்ததன்று. கல்லூரி சென்றபின்னும் ஆண்டர்சன் ஆலயம் எஸ்பிளனேடிலேயே நிலைத்து வழிபாடு நடத்தி வருகின்றது.

5. கொட்டகையும் திரையும்

பட்டதாரிகளின் சபைக்கு இணையாக, ஏன், அதனினும் பரந்த அளவில், தொழில்முறை நாடகக் குழுக்கள் மக்களைக் கவர்ந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) இயற்றிய நாடகங்களைச் சிறுவர் குழுக்கள் ஊர் ஊராக நடித்தன. சென்னையில் வால்டாக்ஸ் சாலையிலிருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இத்தகைய குழுக்களின் முக்கிய மேடையாயிற்று. விடுதலை இயக்கக் காலத்தில் மேடையே அரசியல் களமாகியது. முருகன் வேடத்தில் நின்று ஆங்கில ஆட்சியை எதிர்க்கும் பாடல்களைப் பாடியதால் பன்முறை சிறை சென்றவர் விசுவநாததாஸ். அவர் 1940-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் மேடையிலேயே உயிர்நீத்தார்.

திரைப்படத்தின் வரவும் திருச்சபையினர் அறியவேண்டியதொன்று. திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை அலுவலகத்தில் படம் வரைபவராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் முதன்மையானது இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப் படம். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டிய அவர், 1909-இல் சென்னை எஸ்பிளனேடிலும் கூடாரம் அமைத்தார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைக் கட்டினார். தமிழகத்தில் நகரும் படத்தை ஊர்தோறும் கொண்டு சென்ற முதல்வர் கையிலிருந்த முதற்படமே நற்செய்தி வரலாறு! திருச்சபை திரையரங்கைக் குறித்து ஐயங்கொள்ளத் தொடங்குமுன்பே, இயேசுவின் கதை கூடாரத்தினுள் நுழைந்திருந்தது.

நிலையான திரையரங்குகளுள் சென்னையில் முன்னோடியாக எழுந்தது மவுண்ட் சாலையிலிருந்த எலெக்ட்ரிக் தியேட்டர். 1913-இல் வார்விக் மேஜர், ரெஜினால்டு அயர் என்னும் இருவர் இதனைக் கட்டினர். இரண்டே ஆண்டுகளில் அஞ்சல் துறை இதனை வாங்கிக்கொண்டது. அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அதன் கட்டடத்தை இன்றும் காணலாம். எடின்பரோவின் பழைய ராயல் தியேட்டரும் 1859-இல் மூடப்பட்டு, அதே இடத்தில் தலைமை அஞ்சலகம் எழுந்தது என்பது ஒப்பிடத்தக்கது. 1914-இல் இரகுபதி வெங்கையா என்பவர் கட்டிய கெயிட்டி, இந்தியர் ஒருவருக்கு உரிமையாகச் சென்னையில் தோன்றிய முதல் திரையரங்கு எனப்படுகின்றது. கெயிட்டியும் வெலிங்டனும் எல்பின்ஸ்டனும் இன்று இல்லை. அவை நின்ற இடங்களில் வணிக மாளிகைகள் நிற்கின்றன.

6. யார் எங்கே அமர்ந்தனர்?

இங்கே நாம் கட்டுரையின் மையப் பொருளுக்கு வருகிறோம். இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படம் பற்றி 1981-இல் வெளிவந்த தம் நூலில், தமிழரெல்லாம் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைக் கண்ட முதல் இடம் திரையரங்கே என்னும் கருத்தை முன்வைத்தார். அங்கு இருக்கை வேறுபாடு உண்டு. தரைக்கு ஒரு விலை, பெஞ்சுக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை. ஆனால் அவ்வேறுபாடு பணத்தால் அமைந்ததேயன்றிப் பிறப்பால் அமைந்ததன்று. சீட்டு வாங்கியவனை 'நீ யார் மகன்' என்று வாயிற்காப்போன் கேட்கவில்லை.

திருச்சபையின் நிலை அக்காலத்தில் எவ்வாறிருந்தது? தமிழகத்துப் பழைய சபைகளில் சாதிவாரியாக இருக்கை பகுக்கப்பட்டிருந்தது. சில இடங்களில் திருவிருந்துப் பாத்திரத்திலும் முன்பின் என்ற முறை இருந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் இவ்வேறுபாடுகளை அறவே ஒழிக்கவேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்புத் தோன்றியது. 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றி, நாட்டின் கூத்து மரபைத் திருச்சபைக்குள் கொணர்ந்த பெருங்கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே (1774 - 1864) சாதி இருக்கைமுறையை ஆதரித்து எழுதினார். அரங்கத்தின் வடிவை ஆலயத்துக்குள் வரவேற்ற கை, அயலானின் இருக்கையை விலக்கிற்று. இதைக் கூறுவது அப்பெரியாரை இழித்துரைக்க அன்று. கலையில் திறந்த மனம் வழிபாட்டில் தானே திறந்துவிடுவதில்லை என்பதை நாம் உணர்வதற்கேயாம்.

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், சபைக்குள் வருகின்ற செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்கும் இடமும் கொடுப்பதைக் கண்டிக்கின்றார். இப்பகுதியை நாம் பெரும்பாலும் பணத்தைக் குறித்து மட்டுமே பிரசங்கிக்கின்றோம். திரையரங்கு பணத்தைக் கேட்டது. சபை பிறப்பைக் கேட்டது. இவ்விரண்டனுள் யாக்கோபின் கண்டனத்துக்கு மிகுதியும் உரியது எது என்பதை வாசகரே சிந்திப்பாராக.

வேறொரு வகை முயற்சியும் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1890-களில் ஸ்காத்லாந்து சுயாதீனத் திருச்சபையின் மிஷனரியாகிய ஆதாம் ஆன்ட்ரூ, நிலமின்றி அடிமைபோல் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்காகக் குடியிருப்பும் விளைநிலமும் கிடைக்கச் செய்ய முயன்றார். ஸ்காத்லாந்தின் மெல்ரோஸ் நகரின் பெயரால் மெல்ரோசாபுரம் என்னும் ஊர் தோன்றியது. அதே காலத்தில், 1891-இல், மாவட்ட ஆட்சியர் திரெமன்ஹீர் இம்மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கை, பின்னர் பஞ்சமி நிலம் வழங்கப்படக் காரணமாயிற்று. மெல்ரோசாபுரத்தில் 166 அடிக் கோபுரம் இல்லை. எனினும் திருச்சபையின் நினைவுச்சின்னங்களை எண்ணும்போது, எழும்பூர் ஆலயத்தோடு மெல்ரோசாபுரத்தின் வயல்களையும் எண்ணுதல் முறையாகும்.

7. நிலைப்பனவும் அழிவனவும்

இக்கட்டடங்களின் வரலாற்றை ஒப்பிடின் ஓர் உண்மை புலப்படும். உறுதியாகக் கட்டப்பட்டமையால் மட்டும் எதுவும் நிலைப்பதில்லை. விக்டோரியா மண்டபம் மிக உறுதியானது. அதன் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. குத்தகைக் காலம் முடிந்தபின் வழக்கும் பிணக்கும் தோன்ற, நாடகமும் கூட்டமும் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி அதனைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டது. அதன் அருகே நின்ற மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று, திரும்பக் கட்டப்படவில்லை. அருங்காட்சியக அரங்கமோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருந்ததால் உயிரோடிருக்கின்றது. எலெக்ட்ரிக் தியேட்டர் அரங்காக வாழவில்லை. ஆயினும் அஞ்சல் துறைக்குப் பயன்பட்டதால் சுவர்களாவது தப்பின. கெயிட்டிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதிலிருந்து மூன்று முடிபுகளைக் கூறலாம். முதலாவது, பயன்பாடே பாதுகாப்பு. பூட்டிய கட்டடம் பாழாகும். இரண்டாவது, உரிமைப் பத்திரமும் குத்தகையும் தெளிவாக இல்லாத கட்டடம் எத்துணை அழகியதாயினும் அழிவை நோக்கியே செல்லும். மூன்றாவது, ஒரு கட்டடம் தன் முதற் பயனை இழந்தபோது வேறு நற்பயனை ஏற்றுக்கொள்ளுமாயின் தப்பும். 2012-இல் தமிழக அரசு மரபுச்சின்ன ஆணையத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆயினும் சட்டம் இடிப்பதைத் தடுக்கலாமேயன்றிக் கட்டடத்துக்குள் மக்களை அழைத்து வரமாட்டாது.

நகர்நடுவின் பழைய ஆலயங்களை மேய்க்கும் ஆயர்களுக்கு இம்முடிபுகள் நேரே பொருந்தும். உறுப்பினர் குறைந்த ஆலயத்தை விற்றுப் புறநகரில் நிலம் வாங்கலாமே என்னும் ஆலோசனை குழுக் கூட்டங்களில் எழக்கூடும். அதனை உடனே பாவம் என்று தள்ளுதலும் சரியன்று. உடனே ஏற்றலும் சரியன்று. கிழமை நாள்களில் அவ்வாலயக் கூடத்தை மாணவர் படிக்கவும், தொழிலாளர் கூடிப் பேசவும், இளைஞர் நாடகம் பயிலவும் திறந்துவிட்டோமா என்பதே முதலில் கேட்கவேண்டிய வினா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டுமே திறக்கப்படும் ஆலயம், அதனைச் சூழ்ந்து வாழும் மக்களுக்குப் பூட்டிய கட்டடமே.

முடிவுரை

நாவலூருக்குத் திரும்புவோம். இந்நாட்டுப் பகுதிக்கு அரங்கக் கலை புதிதன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் 'மத்தவிலாசம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றி, தன் காலத்துச் சமயத் துறவிகளின் போலித்தனத்தை எள்ளி நகையாடினான். திரௌபதியம்மன் விழாக்களில் இரவு முழுதும் தெருக்கூத்து ஆடும் மரபு செங்கற்பட்டுப் பகுதியில் உண்டு. அதற்குக் கூரையும் இல்லை, வாயிலும் இல்லை. சமயத் தலைவர்கள் தம்மைக் கண்டு நகைக்கும் நாடகத்தையும் பொறுத்துக் கேட்கத்தக்கவர்களாய் இருத்தல் வேண்டும் என்பதை மகேந்திரவர்மனின் நாடகம் நமக்கு நினைவூட்டுகின்றது.

எபேசு நகரில் பவுலின் தோழர்களாகிய காயுவையும் அரிஸ்தர்க்குவையும் மக்கள் இழுத்துச் சென்றது நாடக அரங்குக்கே என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம் கூறுகின்றது. பவுலும் உள்ளே செல்ல விரும்பினார், சீடர்கள் தடுத்தனர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அப்போஸ்தலர் உலகத்துக்குக் காட்சியாயினர் என அவர் கூறுமிடத்தும், கிரேக்க மூலத்தில் உள்ளது அரங்கத்தைக் குறிக்கும் சொல்லே. திருச்சபையின் தொடக்க ஊழியர் அரங்கத்தை அறிந்தவர்கள். பார்வையாளராக மட்டுமன்றிப் பார்க்கப்படுவோராகவும் அறிந்தவர்கள்.

இன்று நாவலூர்ச் சாலையில் வாடகைக் கூடத்தில் கூடும் சபையார் ஆலயம் கட்டத் திட்டமிடும்போது, கோபுரத்தின் உயரத்தைத் தீர்மானிக்குமுன் மூன்று காரியங்களைத் தீர்மானிப்பார்களாக. உரிமைப் பத்திரம் தெளிவாயிருத்தல் வேண்டும். கிழமை ஏழு நாளும் ஊருக்குப் பயன்படும் கூடமாக அது அமைதல் வேண்டும். அவ்வடுக்குமாடிகளைக் கட்டிய தொழிலாளரும், அங்கே வீட்டுவேலை செய்யும் பெண்களும் எந்த இருக்கையில் அமர்வர் என்னும் வினாவுக்கு, அடிக்கல் நாட்டுமுன்பே விடை காணுதல் வேண்டும். எழும்பூர் ஆலயத்தின் கீழே நிரம்பியுள்ள நூற்றைம்பது கிணறுகளை வெட்டியோரின் மரபினர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் அடித்தளத்தில் மட்டுமன்றி முதல் வரிசையிலும் இடம்பெறும் ஆலயமே நம் காலத்தில் கட்டத்தகுந்த ஆலயமாகும்.